நிலக்கரியை விட்டு விலகும் தேசமும் அதன் தொழிலாளரும்



பூமியின் சீதோஷ்ணம் கெட்டுவருவதைப் பற்றியும், அதைச் சீர்செய்ய உலகத்துச் சர்க்கார்கள் வகுத்துவரும் திட்டங்களைப் பற்றியும் இப்போது மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. அந்தப் பேச்சிலே தொழிலாளரைக் குறித்த பகுதி வரும்போது, பேசுகிறவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நிலக்கரியிலே இத்தனை லட்சம் வேலை போகும், சூரிய சக்தியிலும் காற்றாலையிலும் அதைவிட அதிகமாக வேலை வரும், ஆகவே தேசத்துக்கு லாபமே என்பார் ஒருவர். போவதுதான் அதிகம், வருவது சொற்பம் என்பார் மற்றொருவர். இந்தக் கணக்குகளிலே எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. போகிற வேலைக்கு ஓர் ஊரும் ஒரு வயதும் ஒரு பெயரும் உண்டு. வருகிற வேலைக்கும் அவை உண்டு என்றாலும், பெரும்பாலும் அது வேறோர் ஊரில், வேறு வயதுக்காரர் ஒருவருக்குக் கிடைக்கிறது. கூட்டலும் கழித்தலும் ஒரே காகிதத்தில் நடக்கின்றன. ஒரே வீட்டில் நடப்பதில்லை. இந்த இடைவெளியை ஒரு தேசம் எவ்வாறு கடக்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

பொதுப்படையாகப் பேசினால் எல்லோரும் தலையசைக்கும்படியான வார்த்தைகள்தாம் வாயில் வரும். ஆகையால் ஜெர்மனி தேசத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே, இப்போது உயிரோடிருக்கும் மனிதர்களுடைய ஞாபகத்துக்குள்ளேயே, நிலக்கரித் தொழில் இரண்டு விதமாக ஒடுங்கியது: மேற்கே ரூர் பிரதேசத்தில் அறுபது வருஷ காலமாக மெல்ல மெல்ல; கிழக்கே லவுஸிட்ஸ் பிரதேசத்தில் பத்தே வருஷத்தில் தலைகீழாக.

ரூரின் கதை 1958-ஆம் வருஷத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வருஷம் மேற்கு ஜெர்மனியின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் 6 லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எஸ்ஸன், போக்கும், டார்ட்முண்ட், கெல்ஸன்கிர்ஹன் முதலிய ரூர் நகரங்களைச் சேர்ந்தவர்கள். யுத்தத்தில் இடிந்துபோன தேசத்தைத் தூக்கி நிறுத்தியது தங்கள் கைகளே என்ற கர்வம் அவர்களுக்கு இருந்தது. அது நியாயமான கர்வந்தான். ஆனால், மத்தியக் கிழக்கிலிருந்து எண்ணெயும், அமெரிக்காவிலிருந்து நிலக்கரியும் மலிவாக வந்து இறங்கத் தொடங்கியதும், பல நூறு மீட்டர் ஆழத்திலிருந்து வெட்டியெடுக்கப்படும் ரூர் நிலக்கரி விலைபோகாமல் சுரங்க வாசலிலேயே மலைபோலக் குவியலாயிற்று. 1959 செப்டம்பரில் சுமார் 60,000 சுரங்கத் தொழிலாளர்கள் கறுப்புக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு அன்றைய தலைநகரான பான் நகரத்தில் ஊர்வலம் போனார்கள்.

அன்றைக்குச் சர்க்கார் சந்தையின் போக்குக்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டிருந்தால் ஐந்தாறு வருஷத்தில் கதை முடிந்திருக்கும். அப்படி விடாமல் தடுத்தவை இரண்டு. ஒன்று, 1951-ஆம் வருஷத்துச் சட்டம். நிலக்கரி, எஃகுக் கம்பெனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி ஸ்தானம் தொழிலாளர் தரப்புக்கு உரியது என்று அது விதித்திருந்தது. ஆகவே எந்தச் சுரங்கத்தை எப்போது மூடுவது என்ற ஆலோசனை நடக்கும் அறையிலே, மூடப்படப்போகும் சுரங்கத்தின் தொழிலாளருக்காகப் பேசுகிறவரும் உட்கார்ந்திருந்தார். மற்றொன்று, 1968-ல் இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் சுரங்கங்களை ஒன்றுசேர்த்து ஏற்படுத்தப்பட்ட ரூர்கோலே என்ற பொது ஸ்தாபனம். ஒரே முதலாளியின் கீழ் அநேகமாக எல்லாச் சுரங்கங்களும் வந்துவிட்டபடியால், ஒன்றை மூடும்போது அதன் ஆட்களை இன்னொன்றுக்கு மாற்ற முடிந்தது. வயதானவர்களுக்குச் சட்டப்படியான ஓய்வு வயது வருகிறவரையில் மாதாந்தரம் ஓர் ஈட்டுத் தொகை கொடுத்து அனுப்ப முடிந்தது. நிலத்தடியில் உழைத்தவர் ஐம்பது வயதிலேயே அவ்வாறு விலகலாம். இளைஞர்களைப் புதிதாக எடுப்பது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. சுரங்கம் முதுமையடைந்தது, அதனோடு சேர்ந்து தொழிலாளரும் முதுமையடைந்தார்கள். ஒருவரையும் தெருவில் விடுவதில்லை என்று தொழிற்சங்கமும் சர்க்காரும் சொன்ன வாக்கு, பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது.

அந்த வாக்கு தானாகக் காப்பாற்றப்பட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1997 பிப்ரவரியில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள், சுரங்கத் தொழிலாளர் மட்டுமன்றி ஆசிரியர்களும் பாதிரிமார்களும் கடைக்காரர்களும், கைகோத்து ரூர் பிரதேசத்தின் குறுக்கே 90 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த மாதமே தொழிலாளர்கள் பான் நகரத்துக்குப் போய்ச் சர்க்கார் கட்டடங்கள் இருந்த வட்டாரத்தை ஸ்தம்பிக்கச் செய்தார்கள். நிலக்கரிக்குச் சர்க்கார் கொடுத்துவந்த மானியத்தைக் குறைத்தாலும் ஆட்குறைப்புச் செய்வதில்லை என்ற உடன்பாடு அதன் பிறகே கிடைத்தது. இறுதியாக, 2007-ல் இயற்றிய சட்டப்படி 2018-ல் மானியம் அடியோடு நின்றது. அவ்வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி பாட்ராப் நகரத்துப் புராஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டபோது, கடைசியாக வெட்டியெடுத்த நிலக்கரிக் கட்டியைத் தேசத்தின் ஜனாதிபதியான ஸ்டைன்மையர் கையில் தொழிலாளர்கள் ஒப்படைத்தார்கள்.

இவ்வளவுக்கும் ஆன செலவு என்ன? அறுபது வருஷ மானியங்களைக் கூட்டிப் பார்த்தவர்கள் 10,000 கோடி யூரோவுக்கு மேல் என்கிறார்கள். அதில் ஒரு பங்கை, 1995 வரையில், ஒவ்வொரு வீட்டு மின்சாரக் கட்டணத்தோடும் சேர்த்து வசூலித்தார்கள். அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1994-ல் உச்ச அதிகாரமுள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அந்த வரி நின்றது. செலவு அத்தோடும் முடியவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகக் கீழே குடையப்பட்ட நிலம் பல இடங்களில் பல மீட்டர் தாழ்ந்துபோய்விட்டபடியால், பம்புகள் ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஓய்ந்தால் நகரங்களின் சில பகுதிகள் ஏரியாகிவிடும். இதற்கென்றே ஓர் அறநிதி ஏற்படுத்தியிருக்கிறார்கள். சுரங்கம் மூடிய பின்னும் முடிவில்லாத காலத்துக்கு நிச்சயமான உத்தியோகம் உடையவர்கள் ரூரில் அந்தப் பம்புக்காரர்கள்தாம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ரூரைப் புகழ்கிறவர்கள் இரண்டு விஷயங்களை மறைத்துவிடுகிறார்கள். முதலாவது, அந்தச் சுரங்கங்கள் சீதோஷ்ணத்தைக் காப்பாற்றுவதற்காக மூடப்படவில்லை. உள்நாட்டு நிலக்கரி விலை அதிகம் என்பதற்காக மூடப்பட்டன. ருஷ்யாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்த நிலக்கரி அதே ஜெர்மானிய மின்நிலையங்களில் தொடர்ந்து எரிந்துகொண்டிருந்தது. ஆகாயத்துக்கு எவ்வித வித்தியாசமும் தெரிந்திராது. இரண்டாவது, மனிதரைக் காப்பாற்றியது வேறு, ஊரைக் காப்பாற்றியது வேறு. சுரங்கத் தொழிலாளி மரியாதையாக ஓய்வு பெற்றார். ஆனால் அவருடைய மகனுக்கு அந்த ஊரிலே அதே சம்பளத்தில் வேலை இல்லை. போக்குமில் மூடப்பட்ட சுரங்கத்தின் நிலத்திலேயே 1962-ல் ஓப்பல் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது. 2014-ல் அதுவும் மூடப்பட்டது. அதே ஊருக்கு வந்த நோக்கியா கம்பெனி 2008-ல் ருமேனியாவுக்குப் புறப்பட்டுப் போயிற்று. கெல்ஸன்கிர்ஹன் நகரம் ஜெர்மனியிலேயே வேலையில்லாதோர் மிகுந்த நகரங்களில் ஒன்றாக இன்றைக்கும் இருக்கிறது. நிலைத்து நின்றவை எவை என்று பார்த்தால், பெரும்பாலும் கல்வி ஸ்தாபனங்கள். நூறு வருஷம் நிலக்கரி வெட்டிய பிரதேசத்தில் ஒரு சர்வகலாசாலைகூட இருக்கவில்லை. 1965-ல் போக்குமில் முதலாவது திறக்கப்பட்டது, பின்னர் டார்ட்முண்டிலும் பிறவிடங்களிலும் வந்தன. அவற்றின் பயன் கண்ணுக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. அந்த முப்பது வருஷத்தைத்தான் மானியம் வாங்கிக் கொடுத்தது என்பது என் அபிப்பிராயம்.

கிழக்கே லவுஸிட்ஸில் அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

போலந்து எல்லையை ஒட்டிய அந்தப் பிரதேசத்தின் செல்வம் பழுப்பு நிலக்கரி. எண்ணெயும் அந்நியச் செலாவணியும் இல்லாத கிழக்கு ஜெர்மன் குடியரசு தன் மின்சாரத்துக்கும் வீட்டு அடுப்புக்கும் அதையே நம்பியிருந்தது; வருஷத்துக்கு 30 கோடி டன் அளவில் வெட்டி, அவ்விஷயத்தில் உலகத்திலேயே முதல் ஸ்தானத்தில் நின்றது. ஸோர்ப் என்ற சிறுபான்மை ஸ்லாவிய ஜனங்களின் பூர்விகமான அந்தப் பூமியில், நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் சுரங்கங்களுக்காக முழுதாகவோ பாதியாகவோ அழிக்கப்பட்டன. காற்றிலே கந்தகமும் ஜன்னல்களிலே கரித்தூளும் படிந்தன. ஆனாலும் 1989-ல் அங்கே ஏறக்குறைய 80,000 பேருக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. ஹோயர்ஸ்வெர்டா என்ற சிற்றூர் அவர்களைக் குடியமர்த்துவதற்காகவே 70,000 ஜனங்கள் வாழும் நகரமாக வளர்ந்திருந்தது.

இரண்டு ஜெர்மனிகளும் 1990-ல் ஒன்றாயின. பழுப்பு நிலக்கரிக்குத் தேவை சட்டென்று சரிந்தது. தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. பத்து வருஷத்துக்குள் அந்த 80,000 பேரில் பத்தாயிரம் பேருக்குக்கூட வேலை மிஞ்சவில்லை. மேற்கத்தியச் சகோதரருக்குக் கிடைத்த அறுபது வருஷம் எங்கே, இவர்களுக்குக் கிடைத்த பத்து வருஷம் எங்கே! முன்கூட்டிய ஓய்வு, மறுபயிற்சி, தற்காலிக வேலை என்று சர்க்கார் பணம் செலவழிக்கத்தான் செய்தது. எனினும், மறுபயிற்சி முடிந்து வந்தவருக்குக் கொடுக்க வேலை இல்லாதபோது அந்தப் பயிற்சிப் பத்திரத்துக்கு என்ன பிரயோஜனம்? வாலிபர்கள் மேற்கே போனார்கள். வாலிபர்களைவிட யுவதிகள் அதிகமாகப் போனார்கள். ஹோயர்ஸ்வெர்டாவின் ஜனத்தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆளில்லாத அடுக்குமாடிக் கட்டடங்களைச் சர்க்காரே பணம் கொடுத்து இடிக்க வேண்டியதாயிற்று.

கெர்ஹார்ட் குண்டர்மான் என்ற மனிதரை இங்கே குறிப்பிட வேண்டும். அவர் லவுஸிட்ஸ் சுரங்கத்தில் ராட்சத மண்வெட்டி யந்திரத்தின் ஓட்டுநர். அதே சமயம் கிழக்கு ஜெர்மனி முழுவதும் பெயர் பெற்ற பாடகர், கவி. பாட்டுக் கச்சேரிகளால் பிழைக்க முடியும் என்ற நிலை வந்த பிறகும் அவர் யந்திரத்தை விடவில்லை. கைவேலையிலிருந்து பிரிந்துபோனால் பாட்டும் பொய்த்துவிடும் என்பது அவர் கொள்கை. தம் யந்திரம் தம் சொந்த மண்ணையே தின்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். 1990-களின் பிற்பகுதியில் அந்த வேலையும் போயிற்று. பிரசித்தி பெற்ற அந்தப் பாடகர், நாற்பது வயது கடந்து, தச்சுவேலை கற்றுக்கொள்ள மறுபயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார், 1998-ல் காலமானார். ஒரு வேலையில் சம்பளத்தைத் தவிர மனிதன் வேறு என்ன வைத்திருக்கிறான் என்று கேட்கும் பொருளாதார நிபுணர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பதில்.

நிபுணர்களை நான் குறை கூறவில்லை; அவர்களில் சிலர் இந்த நஷ்டத்தை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் சில ஜில்லாக்களில் கடுமையாக்கப்பட்டபோது அங்கே தொழிற்சாலைகளில் இருந்தவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ரீட் வாக்கர் என்பவர், 2013-ல் தம் முடிவை வெளியிட்டார். அந்தத் தொழிலாளர் இழந்தது மொத்தத்தில் அவர்களுடைய பழைய வருஷ வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு என்று அவர் கண்டார்; அந்த நஷ்டம் பெரும்பாலும் வேலையை விட்டுப் போக நேர்ந்தவர்கள் தலையிலேதான் விழுந்தது. வேலையற்றிருந்த மாதங்களும், பிறகு கிடைத்த வேலையின் குறைந்த சம்பளமும் அதற்குக் காரணம். அதே ஆராய்ச்சி மற்றொன்றும் சொல்கிறது: சுத்தமான காற்றினால் ஜனங்களின் ஆரோக்கியத்துக்குக் கிடைத்த லாபத்தோடு ஒப்பிட்டால் இந்த நஷ்டம் மிகச் சிறியது. அப்படியானால், லாபம் பெற்ற லட்சக்கணக்கானோர் சேர்ந்து நஷ்டமடைந்தவர்களுக்கு ஈடு கொடுத்துவிட்டாலும் லாபம் மிஞ்சுமே! கொடுக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. கொடுக்கிறார்களா என்பதே கேள்வி. அமெரிக்க எண்ணெய், ரசாயனத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர்களுள் ஒருவரான டோனி மஸோக்கி இதை வெகு முன்பே கேட்டார். யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குத் தேசம் வருமானமும் படிப்பும் கொடுத்ததே, தேசத்தின் ஆரோக்கியத்துக்காக வேலையை இழக்கிறவனுக்கு அது ஏன் கூடாது என்றார். தொழிலாளருக்கு நியாயமான மாற்றம் என்று 2015-ஆம் வருஷத்துப் பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையில் இடம்பெற்ற கருத்துக்கு அவரைப் போன்றோரே மூலபுருஷர்கள்.

ரூர், லவுஸிட்ஸ் என்ற இந்த இரண்டு அனுபவங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஜெர்மன் சர்க்கார் 2018-ல் ஒரு கமிஷனை நியமித்தது. இம்முறை காரணம் மெய்யாகவே சீதோஷ்ணம். தொழிற்சங்கத்தார், முதலாளிமார், சுற்றுச்சூழல் இயக்கத்தார், நிலக்கரிப் பிரதேசங்களின் பிரதிநிதிகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். 2019 ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, பிந்தினாலும் 2038-க்குள் நிலக்கரி மின்சாரம் நிற்க வேண்டும் என்றும், அப்பிரதேசங்களுக்கு 4,000 கோடி யூரோ கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2020 ஜூலையில் அது சட்டமாயிற்று. ஐம்பத்தெட்டு வயது நிரம்பிய நிலக்கரித் தொழிலாளர், ஐந்து வருஷம் வரை ஈட்டுத் தொகை பெற்று ஓய்வுக்குப் போகலாம். கம்பெனிகளுக்கும் ஈடு உண்டு: ஆர்.டபிள்யு.ஈ. கம்பெனிக்கு 260 கோடி, லவுஸிட்ஸில் சுரங்கம் நடத்தும் லீக் கம்பெனிக்கு 175 கோடி. எப்படியும் லாபம் குறைந்துவரும் மின்நிலையங்களை மூட இத்தனை பணமா என்று பலர் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபம் எனக்கும் சம்மதமே.

4,000 கோடியில் பெரும் பகுதி ரயில் பாதைக்கும் சாலைக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் போகிறது. காட்புஸ் நகரத்தில் விரைவு ரயில்களைப் பழுதுபார்க்கும் பெரிய தொழிற்சாலை ஒன்று 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1,200 வேலைகள் அதில் உத்தேசிக்கப்பட்டன. அதே ஊரில் ஒரு வைத்திய சர்வகலாசாலை ஏற்பட்டிருக்கிறது. ரயில் தொழிற்சாலை யந்திரம் பழகிய கைகளுக்கு இடம் கொடுக்கிறது, அது நன்று. ஆனால் மண்வெட்டி யந்திரக்காரர் வைத்தியப் பேராசிரியராக முடியுமா என்று ஊர்க்காரர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இதிலே விசித்திரம் என்னவென்றால், இன்று லவுஸிட்ஸின் கவலை வேலை போதாது என்பதைவிட ஆள் போதாது என்பதாகிவிட்டது. இப்போதிருக்கும் தொழிலாளரில் கணிசமானோர் 2038-க்குள் தாமே ஓய்வு பெற்றுவிடுவார்கள். புதிய வேலைக்கு வரவேண்டிய தலைமுறையோ, 1990-களிலே புறப்பட்டுப் போன யுவதிகள் மேற்கத்திய நகரங்களில் பெற்று வளர்த்த தலைமுறை. அன்று மிச்சப்படுத்திய காலத்தின் வட்டியை இன்று கட்டுகிறார்கள். பணம் வந்த பிறகும் அந்த ஜனங்களுக்குத் தலைநகரத்தின் பேரில் நம்பிக்கை வரவில்லை என்பதற்குத் தேர்தல் முடிவுகளே சாட்சி. சீதோஷ்ணத் திட்டங்களை வெளிப்படையாக எதிர்க்கும் தீவிர வலதுசாரிக் கட்சிக்கு அங்கே வாக்குகள் குவிகின்றன.

புதிய சக்தித் தொழில்களே வேலை கொடுத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அதே கிழக்கு ஜெர்மனியில் இன்னொரு பாடம் இருக்கிறது. சூரிய மின்சாரத்துக்கு நிச்சய விலை கொடுக்கும் சட்டத்தை ஜெர்மனி 2000-ல் இயற்றியது. அதன் பலனாக, பழைய ரசாயனத் தொழில் நசித்துப்போன பிட்டர்ஃபெல்ட் வட்டாரத்தில் கியூ-செல்ஸ் என்ற கம்பெனி வளர்ந்து, சில வருஷங்களுக்குள் சூரிய மின்கலம் செய்வதில் உலகத்திலேயே பெரியதாயிற்று. சீனாவின் மலிவுச் சரக்கு வந்தது, மானியமும் குறைந்தது; 2012-ல் அது திவாலாகி ஒரு கொரியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஜெர்மானியர் கொடுத்த மின்சாரக் கட்டணத்தால் உலகத்துக்கே சூரிய மின்சாரம் மலிவாயிற்று, வேலைகளோ சீனாவில் பெருகின. மானுட ஜாதி முழுவதற்கும் அது பெரிய உபகாரந்தான். பிட்டர்ஃபெல்ட்காரரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

நம் நெய்வேலிக்கு வருகிறேன். லவுஸிட்ஸிலும் நெய்வேலியிலும் பூமிக்கடியில் கிடப்பது ஒரே சரக்கு. அதை வெட்ட நாம் தருவித்த ராட்சதச் சக்கர யந்திரங்களும் ஜெர்மனியைச் சேர்ந்தவையே. 1956-ல் கம்பெனி ஏற்பட்டு, அடுத்த வருஷம் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 2070-க்குள் கரியமில வாயுவின் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாக 2021-ல் நம் தேசம் கிளாஸ்கோ மகாநாட்டில் வாக்களித்திருக்கிறது. அந்த வாக்கை நிறைவேற்றும் வழியில் என்றைக்கேனும் ஒரு நாள், நாளையோ மறுநாளோ அல்ல என்றாலும், நெய்வேலியின் முறையும் வரும். அப்போது ரூரின் முறையைப் பின்பற்றுவோம் என்று நம்மவர் சொல்லக்கூடும். பின்பற்றலாம், ஆனால் ரூரின் முறை எதன்மேல் நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அங்கே தொழிலாளி என்றால் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் பேர் உள்ளவர், சங்கத்தில் சேர்ந்தவர், மேற்பார்வைச் சபையில் தமக்காகப் பேச ஆள் உடையவர். நெய்வேலியிலோ, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் ஆஸ்பத்திரியும் பெற்ற நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே, அதே மைன்ஸில், அதே தூசியில், ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். சுரங்கத்துக்காகத் தங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் சுற்றுவட்டக் கிராமங்களில் உண்டு.

சுரங்கம் மூடும் நாளில் நிரந்தரத் தொழிலாளிக்கு எப்படியும் ஏதோ ஒரு திட்டம் வந்துவிடும். அவருக்குப் பேர் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. ஜெர்மானியத் தொழிலாளிக்கு ஐம்பத்தெட்டு வயதில் கிடைக்கும் ஈட்டுத் தொகை, அவர் எந்த வருஷம் முதல் எந்தச் சுரங்கத்தில் உழைத்தார் என்ற பதிவை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பலருடைய பதிவு இங்கே கான்ட்ராக்டரின் வருகைப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. நிலம் கொடுத்தவரின் பெயரையும் அந்தப் புத்தகத்தில் உள்ளவரின் பெயரையும், சேவைக் காலத்தோடு, கம்பெனியின் சொந்த ஏட்டிலே ஏற்றிவைக்கச் சீதோஷ்ண நிதியோ பாரிஸ் ஒப்பந்தமோ தேவையில்லை. சுரங்கம் லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வருஷத்திலேயே, சில குமாஸ்தாக்களைக் கொண்டு, அதைத் தொடங்கிவிடலாம்.